செத்த காலேஜுக்கு ஒரு பயணம்

நான்காம் வகுப்புக் குழந்தைகளுக்குத் துணையாக எழும்பூர் அருங்காட்சியகத்திற்குப் போகிறோம் என்று வீட்டில் சொன்னபோது, எங்களுள் பலருடைய பாட்டிமார் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "செத்த காலேஜுக்கா?"

சென்னையின் மூத்த தலைமுறைக்கு அருங்காட்சியகம் செத்த காலேஜ். மிருகக்காட்சிசாலை உயிர் காலேஜ். இரண்டும் ஒரு காலத்தில் ஒரே வளாகத்தில் இருந்தவை என்பது எங்களுக்குப் புதிய செய்தி. 1851இல் கல்லூரிச் சாலையில் தொடங்கிய அருங்காட்சியகம் 1854இல் பாந்தியன் சாலைக்கு இடம் மாறியது. அதன் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபர் ஒரு மருத்துவர். உயிருள்ள விலங்கு ஒன்றிரண்டு இருந்தால் மக்கள் திரண்டு வருவதைக் கண்ட அவர், 1855இல் அங்கேயே ஒரு மிருகக்காட்சிசாலையைத் தொடங்கிவிட்டார். அது பிறகு பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985இல் வண்டலூருக்கு வந்து சேர்ந்தது. ஆக, உயிர் காலேஜ் தாம்பரத்திலிருந்து இரண்டே ஸ்டேஷன் தூரத்தில் எங்கள் பக்கம் வந்துவிட்டது. செத்த காலேஜுக்குத்தான் ரயில் ஏற வேண்டும்.

பத்தாம் வகுப்பில் எட்டுப் பேரைச் சிஸ்டர் தேர்ந்தெடுத்தார்கள். குழந்தைகள் நாற்பது பேர். ஆளுக்கு ஐந்து பேர். "நீங்கள் பார்க்கப் போகவில்லை, பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள்" என்று முன்பே எச்சரித்துவிட்டார்கள். பொதுத்தேர்வு ஆண்டில் ஒரு நாள் விடுதலை என்று உள்ளுக்குள் துள்ளிய எங்கள் மனம் அப்போதே பாதி அடங்கிவிட்டது.

தாம்பரத்தில் ஏறுவது எளிது. அங்கேயே புறப்படும் வண்டி, காலியாக நிற்கும். கவலையெல்லாம் எழும்பூரில் இறங்குவதைப் பற்றித்தான். மின்சார ரயில் நமக்காகக் காத்திருக்குமா? சேத்துப்பட்டிலேயே எல்லாரையும் எழுப்பி, வாசலுக்குச் சற்று உள்ளே வரிசையாக நிற்க வைத்து, முதலில் நான்கு அக்காக்கள் இறங்க, நடுவில் குழந்தைகள், கடைசியில் டீச்சருடன் மீதி நான்கு பேர் என்று ஒத்திகையே பார்த்திருந்தோம். நடைமேடையில் எண்ணினால் நாற்பத்தொன்று! மீண்டும் எண்ணினோம், நாற்பத்தொன்றே. யாரோ ஒரு பயணியின் மகள் எங்கள் வரிசை அழகில் மயங்கி வந்து நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய அம்மா சிரித்துக்கொண்டே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

சிறுவர் அருங்காட்சியகத்தின் வெளியே நிற்கும் டைனோசரைக் கண்டதும் வரிசை கலைந்தது. "அக்கா, இது செத்ததா, பொம்மையா?" என்று ஒரு குழந்தை கேட்டாள். பொம்மைதான் என்றதும் அவள் முகம் வாடிவிட்டது. செத்த காலேஜ் என்று பாட்டி சொல்லி அனுப்பியிருந்தார்களாம்! உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் பல நாட்டு உடைகளில் பொம்மைகள். நாங்கள் விளக்கம் சொல்ல வாயெடுக்கும் முன்பே ஐந்து மூக்குகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டன. எந்த நாடு, எந்தக் காலம் என்பதையெல்லாம் அவர்கள் கேட்கவில்லை. "இந்த அம்மா ஏன் செருப்புப் போடலை?" "இவங்களுக்குக் குளிராதா?" இப்படிக் கேட்டால் பாடப்புத்தகம் படித்தவர்கள் என்ன பதில் சொல்வது? நாங்களும் குனிந்து அந்தக் கால்களைப் பார்த்தோம்.

திமிங்கலத்தின் எலும்புக்கூட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் குழந்தைகள் எங்களை மன்னிக்க மாட்டார்கள். 1874இல் மங்களூர்க் கரையில் ஒதுங்கியது, நீளம் 18.7 மீட்டர். மீட்டர் சொன்னால் அவர்களுக்குப் புரியவில்லை. எங்களில் ஒருத்தி மனக்கணக்காக, "உங்களில் பதினைந்து பேர் தலையும் காலும் தொடப் படுத்தால் இவ்வளவு நீளம்" என்றாள். உடனே மூன்று பேர் படுத்தே விட்டார்கள். தூக்கி நிறுத்திச் சீருடையைத் தட்டிவிடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இவற்றைவிட எங்கள் மனத்தில் நிற்பது ஆதிச்சநல்லூர்த் தாழிகளின் எதிரே கழிந்த பத்து நிமிடம்தான். தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ என்பவர் தோண்டி எடுத்தவை. இறந்தவர்களைப் பெரிய மண் தாழிக்குள் வைத்து, உடன் இரும்புக் கருவிகளையும் சிறு பானைகளையும் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். பானைகளில் நெல் உமிகூடக் கிடைத்ததாம். இதைச் சொல்லி முடித்துவிட்டு அடுத்த அறைக்கு நகர்ந்தோம். ஒருத்தி மட்டும் நகரவில்லை. பல்லாவரத்திலிருந்து வரும் சிறுமி. காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள். அவளுடைய தாத்தா இரண்டு மாதத்துக்கு முன்பு இறந்துபோனதை டீச்சர் எங்களிடம் முன்பே சொல்லியிருந்தார்கள்.

"அக்கா, இதுக்குள்ள இருந்தவங்க யாரு?"

பேர் தெரியாதவர்கள் என்று சொல்லலாம். பழங்காலத் தமிழர் என்றும் சொல்லலாம். எங்களில் ஒருத்தி அவளருகே உட்கார்ந்து, "அவங்களும் யாரோ ஒருத்தருக்குத் தாத்தாதான் கண்ணு" என்றாள்.

"அப்போ நெல்லு எதுக்கு?"

"வழியில பசிக்கக் கூடாதுன்னு அவங்க வீட்டார் வெச்சிருப்பாங்க."

அவள் சற்று நேரம் தாழியையே பார்த்தாள். "எங்க தாத்தாவுக்கு நாங்க சாப்பிட ஒண்ணுமே வைக்கலையே. கையில ஜெபமாலை மட்டும்தான் வெச்சாங்க."

எங்களில் யாருக்கும் பேச்சு எழவில்லை. எட்டுப் பேரில் மூன்று பேர் அங்கே நின்றிருந்தோம், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு அருகில் உட்கார்ந்திருந்தவளே, "அதுவும் வழிக்குத்தான்" என்றாள். சிறுமி தலையை ஆட்டினாள். பின்னால் எப்போது வந்து நின்றார்களோ, சிஸ்டர் ஒன்றும் சொல்லாமல் அவள் தலைமேல் கையை வைத்தார்கள்.

அவளுக்கு நாங்கள் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. 1863 மே 30ஆம் நாள் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். சும்மா கல் அன்று. ஆதிமனிதன் கையால் செதுக்கிய கோடரி. இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அதுவே முதல் சான்றாயிற்று. அவர் ஆயுள் முழுதும் சேர்த்த கருவிகளை 1904இல் இந்த அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. தினமும் ரயிலில் கடக்கும் பல்லாவரம் உலகத்துப் புத்தகங்களில் இடம்பெற்ற ஊர் என்று கேட்டதும் அவள் நம்பவில்லை. "எங்க பல்லாவரமா? சந்தை போடற பல்லாவரமா?" என்று மூன்று முறை கேட்டாள். வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சாமான் வாங்கப் போகும் எங்களுக்கும் அது நம்ப முடியாததாகத்தான் இருந்தது. ஊரிலேயே மிகப் பழைய சாமானை ஃபூட் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று எங்களில் ஒருத்தி சொன்னதற்கு டீச்சரும் சிரித்துவிட்டார்கள்.

அதன்பின் புளியோதரை, தண்ணீர், கழிப்பறை வரிசை, இரண்டு பேருக்குக் காலில் கொப்புளம். இவற்றை விரித்து எழுதப் புகுந்தால் மலரில் இடம் போதாது.

திரும்பும் ரயிலில் பாதிப் பேர் எங்கள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். திரிசூலம் தாண்டியதும் பல்லாவரத்துச் சிறுமி எழுந்து நின்றாள். மற்ற குழந்தைகளையும் உலுக்கி எழுப்பினாள். வண்டி பல்லாவரத்தில் நின்ற அந்தச் சிறிது நேரமும் சன்னல் கம்பிகளில் முகங்கள் நிறைந்திருந்தன. "எங்கே கோடரி? எங்கே கோடரி?" என்று ஒரே கூச்சல். நடைமேடையில் கீரைக்கட்டு விற்றுக்கொண்டிருந்த அம்மா ஒருவர் பயந்துபோய் எழுந்து நின்றார்.

தாம்பரத்தில் அன்னையர் காத்திருந்தார்கள். ஒவ்வொரு குழந்தையையும் கையில் ஒப்படைத்துப் பட்டியலில் கோடிட்டோம். நாற்பதாவது கோடு விழுந்தபோது மாலை ஐந்தரை மணி. பல்லாவரத்துச் சிறுமி அம்மாவின் கையை இழுத்துக்கொண்டு, மறுபடி அதே ரயில் பாதையில் வீட்டுக்குப் போக நடைமேடைக்குப் படியேறிக்கொண்டிருந்தாள். போகும் வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே போனது எங்களுக்குக் கேட்டது.