போர் நின்றால் லாபம்!

கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை போகிறவர்கள் மலையைப் பார்ப்பார்கள். நான் மாட்டுச் சந்தையையும் பார்த்தேன். பல்லைப் பிடித்துப் பார்த்து, துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள். நம்ம பி.காம். மூளை சும்மா இருக்குமா? பசுவுக்கு தினம் 6 கிலோ வைக்கோல் என்றால் வருஷத்துக்கு 2 டன்னுக்கு மேல்! அறுவடையில் சல்லிசாக வாங்கிப் போட்டவனுக்கு லாபம். ஐப்பசி மழையில் வாங்குகிறவனுக்குப் பால் காசு முழுக்க வைக்கோலுக்கே!

வாங்கினால் மட்டும் போதாது. கல் அடுக்கி, மேடாக்கி, உச்சியைக் கூம்பாக்கிப் போர் போட வேண்டும். உள்ளே நனைந்தால் பூஞ்சணம். மாடு முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும்.

"தை வரைக்கும் போர் நின்னா லாபம் சார். கார்த்திகையிலயே கரைஞ்சா, மாட்டை இங்கதான் ஓட்டிட்டு வரணும்" என்றார் ஒரு பெரியவர்.

அவர் கையில் இரண்டு கயிறு இருந்தது.