லாரி ஏன் கறுப்பாகப் புகை விடுகிறது?

சின்ன வயதில் அப்பாவின் லாரியில் போகும்போது, மேடு வந்தால் பின்னால் குபுகுபுவென்று கறுப்புப் புகை கிளம்பும். "புகை தள்ளுதுன்னா வண்டி நல்லா இழுக்குதுன்னு அர்த்தம்டா" என்பார் அப்பா. நானும் அதைப் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். மெக்கானிக்கல் டிப்ளமோ சேர்ந்த பிறகுதான் விஷயம் வேறு என்று புரிந்தது.

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி கொடுக்க ஸ்பார்க் பிளக் உண்டு. டீசல் எஞ்சினில் கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் பதினைந்து, இருபது மடங்கு அழுத்தினால் அதன் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அதில் இன்ஜெக்டர் டீசலைப் பீய்ச்ச, தானாகவே பற்றிக்கொள்ளும். ஆனால் டீசலும் காற்றும் கலக்க, கண் சிமிட்டும் நேரம்கூடக் கிடைப்பதில்லை. 1 கிலோ டீசல் எரிய சுமார் 14.5 கிலோ காற்று வேண்டும். காற்று போதாத இடத்தில் டீசல் அரைகுறையாக எரிந்து கரியாகிறது. அந்தக் கரித்தூள்தான் கறுப்புப் புகை.

ஆக, புகை என்பது இழுவை அல்ல. காசு கொடுத்து வாங்கி எரியாமல் போன டீசல். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், இன்ஜெக்டர் தேய்ந்திருக்கலாம், பம்ப்பில் டீசலைக் கூட்டி வைத்திருக்கலாம், ஓவர்லோடாகவும் இருக்கலாம்.

லீவில் இதைச் சொன்னதும் அப்பா சிரித்தார். "முப்பது வருசமா ஓட்டுறேன், எனக்கே பாடமா?" நான் வாதாடவில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினேன். ஒரு கை மண் கொட்டியது. அப்பா பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் புது ஃபில்டர் வந்தது. மெக்கானிக் அண்ணன் பம்ப்பையும் கொஞ்சம் குறைத்து வைத்தார். மேட்டில் வேகம் சற்றுக் குறைந்தது என்று அப்பா ஒரு வாரம் முணுமுணுத்தார். ஆனால் புகை பெருமளவு நின்றுவிட்டது.

உண்மையில் எனக்கு டீசல் கணக்கு முக்கியமில்லை. அப்பாவுக்குப் பல வருடமாக இருமல். அதற்குக் காரணம் புகைதான் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே அறிவித்துவிட்டது. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 விதிக்குப் பிறகு, புது லாரிகளில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. பழைய வண்டிகளில் இல்லை.

போன வாரம் அப்பாவோடு போனேன். முன்னால் ஒரு லாரி கறுப்பாகக் கக்கிக்கொண்டு போனது. அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சொன்னார்: "ஃபில்டர் அடைச்சிருக்குடா அவனுக்கு."