தூக்க முடிகிற சத்தம்

எலெக்ட்ரிக் கிடார் வாங்கப் போகிறவர்கள் கிடாரைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். என்ன மரம், என்ன பிக்கப், கழுத்து எவ்வளவு தடிமன் என்று அலசி எடுத்துவிடுவார்கள். ஆம்ப் என்று வந்தால் மட்டும் "எத்தனை வாட்?" என்ற ஒரே கேள்வியோடு முடித்துக்கொள்கிறார்கள். கிடாரின் பாதிக் குரல் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. மெல்லிசை மேடைகளில் வருடக்கணக்காக வாசித்து வருகிறவன் என்பதால் இளைஞர்கள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. நான் அவர்களிடம் முதலில் கேட்பது இதுதான்: "இதை யார் தம்பி தூக்கப் போறது?"

பெரிய குழுக்களுக்கு வேன் உண்டு, ஏற்றி இறக்க ஆள் உண்டு. மற்றவர்களின் நிலைமை வேறு. கல்யாண மண்டபத்தில் வரவேற்பு மேடை பெரும்பாலும் முதல் மாடியில் இருக்கும். லிஃப்ட் இருந்தாலும் அந்த நேரத்தில் அது சமையல் சாமான்களுக்கும் வயதானவர்களுக்கும்தான் சேரும். தோளில் கிடார், ஒரு கையில் பெடல் பை, மறு கையில் ஆம்ப் என்று படியேற வேண்டும். ஆம்பின் கைப்பிடி உச்சியில் இருப்பதால் பெட்டி முழங்காலுக்குக் கீழே தொங்கும். ஒவ்வொரு படியிலும் அதன் மூலை கெண்டைக்காலில் இடிக்கும். மேலே போய்ச் சேர்ந்ததும் விரல்கள் கொஞ்ச நேரம் மடங்காது. அந்த விரல்களால்தான் அடுத்த அரைமணியில் வாசிக்க வேண்டும். ஆகவே எடை என்பது இசைக்குப் புறம்பான விஷயம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆம்ப் பிறந்ததே சத்தத்துக்காகத்தான். 1930-களின் அமெரிக்க ஜாஸ் குழுக்களில் டிரம்பெட், சாக்ஸபோன் வரிசைக்கு நடுவே கிடார் அடிபட்டுப் போனது. 1939-இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன், ஆம்பின் துணையோடு ஊது கருவிகளுக்கு நிகராகத் தனி வாசிப்பு வாசித்துக் காட்டினார். அதற்குப் பிறகு அரங்குகள் பெருத்தன, பெட்டிகளும் பெருத்தன. 1965-இல் 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட், லண்டனில் ஜிம் மார்ஷலிடம் 100 வாட் ஆம்பும் எட்டு ஸ்பீக்கர் கொண்ட ஒற்றைப் பெட்டியும் கேட்டு வாங்கினார். சாமான் தூக்குகிறவர்கள் அந்தப் பெட்டியைச் சுமக்க முடியாமல் திணறினார்கள். அதை இரண்டாகப் பிரித்து, நான்கு ஸ்பீக்கர் பெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும்படி செய்தார்கள். ராக் மேடைகளின் அடையாளமாகிவிட்ட அந்த மார்ஷல் கோபுரத்தின் வடிவத்தைத் தீர்மானித்தது தூக்குகிறவர்களின் முதுகு.

அதற்குச் சில ஆண்டுகளுக்குள் கலிஃபோர்னியாவில் ராண்டால் ஸ்மித் என்ற மெக்கானிக் எதிர்த்திசையில் யோசித்தார். 12 வாட் அளவுள்ள ஃபெண்டர் பிரின்ஸ்டன் என்ற சின்னப் பெட்டிக்குள் பெரிய ஆம்பின் சர்க்யூட்டையும் வலுவான டிரான்ஸ்ஃபார்மர்களையும் 12 அங்குல ஜேபிஎல் ஸ்பீக்கரையும் பொருத்தினார். கார்லோஸ் சன்டானா அதைக் கடையிலேயே வாசித்துப் பார்க்க, தெருவில் கூட்டம் கூடிவிட்டது. மேசா பூகி என்ற நிறுவனம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. சின்னப் பெட்டியில் பெரிய சத்தம் என்ற தேடலுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் வயதாகிறது.

எடை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் எதைக் குறைக்கலாம் என்று தெரியும். மூன்று இடங்களில் இருக்கிறது: இரும்பு, காந்தம், மரம்.

வால்வு ஆம்பில் வால்வுகள் நூற்றுக்கணக்கான வோல்ட்டில் இயங்குகின்றன. ஸ்பீக்கருக்கோ தாழ்ந்த வோல்ட்டில் நிறைய ஆம்பியர் வேண்டும். ஒன்றை மற்றொன்றாக மாற்றிக் கொடுக்க ஒரு டிரான்ஸ்ஃபார்மர். சுவர் மின்சாரத்தை வால்வுக்கு ஏற்றபடி உயர்த்த இன்னொன்று. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அவ்வளவு தாழ்ந்த அதிர்வெண்ணில் வேலை செய்யும் டிரான்ஸ்ஃபார்மருக்கு இரும்பு நிறைய வேண்டும். எஸ்எம்பிஎஸ் என்ற புதுவகை மின்வழங்கி மின்சாரத்தை முதலில் பல்லாயிரம் ஹெர்ட்ஸுக்கு ஏற்றிவிட்டுப் பிறகு மாற்றுகிறது; அங்கே சுண்டுவிரல் அளவு டிரான்ஸ்ஃபார்மரே பெரிய வேலையைச் செய்துவிடும். செல்போன் சார்ஜர் உள்ளங்கையில் அடங்குவதும் இதனால்தான். இதோடு சேர்ந்தது கிளாஸ் டி ஆம்ப். அதில் டிரான்சிஸ்டர் முழுதாகத் திறக்கும் அல்லது முழுதாக மூடும். நொடிக்கு லட்சக்கணக்கான முறை இது நடக்கிறது. வெப்பமாக வீணாவது குறைவு என்பதால் கனத்த அலுமினியத் துண்டுகளும் தேவைப்படுவதில்லை.

அடுத்தது ஸ்பீக்கரின் காந்தம். 1980-களில் நியோடிமியம் காந்தம் வந்தது. பழைய ஃபெரைட் காந்தத்தை விட மிகச் சிறிய துண்டு அதே வேலையைச் செய்கிறது. ஒரு ஸ்பீக்கருக்கே இரண்டு கிலோ வரை குறையும். கடைசியாக மரம். மலிவான பெட்டிகள் பலவும் மரத்தூளை அழுத்திச் செய்த பலகையால் ஆனவை; அது கனம், ஈரம் பட்டால் உப்பும். பைன் மரம் இலேசானது, நன்றாக அதிரவும் செய்யும்.

மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்க ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் நல்ல உதாரணம். 85 வாட், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர், வால்வு மாடலின் எடை சுமார் 29 கிலோ. 2019-இல் வந்த டோன் மாஸ்டர் மாடலில் வால்வு கிடையாது. பழைய சர்க்யூட்டின் நடத்தையை டிஜிட்டல் முறையில் உருவாக்குகிறார்கள். நியோடிமியம் ஸ்பீக்கர், பைன் பெட்டி, கிளாஸ் டி ஆம்ப். எடை சுமார் 15 கிலோ. ஆனால் வாட் கணக்கில் 200 போட்டிருக்கும். 85 வாட் வால்வு ஆம்புக்கு ஈடுகொடுக்க எதற்கு 200? வால்வு தன் எல்லையைத் தாண்டும்போது ஒலி மெல்ல மெல்லக் கரகரக்கும். காதுக்கு அது இனிமை, அதனால் இன்னும் கொஞ்சம் ஏற்றலாம். டிரான்சிஸ்டர் எல்லையைத் தொட்டதும் ஒலி சட்டென்று வெட்டுப்படும். அந்த எல்லைக்கே போகாமலிருக்கக் கூடுதல் இடம் விட்டு வைக்கிறார்கள்.

நம் மேடைகளுக்கு இந்தக் கூடுதல் இடம் முக்கியம். ராக் குழுவுக்கு 15 வாட் வால்வு ஆம்பின் கரகரப்பு அழகு. நாம் வாசிப்பது சினிமாப் பாட்டு. 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தில் ஆர். சந்திரசேகர் கிடாரில் ஆரம்பித்து வைக்கும் அந்த நிலாப் பாட்டைக் கேட்காத ஊர் இல்லை. அங்கே ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக, பிசிறில்லாமல் விழ வேண்டும். நமக்கு வேண்டியது சுத்தமான சத்தம். வாட் கொஞ்சம் அதிகமாகவே இருக்கட்டும். இப்போது அதனால் எடை கூடுவதில்லை.

ஆனால் வாட்டை மட்டும் நம்பிப் பயனில்லை. 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல். காதுக்கு அது 'கொஞ்சம் கூட' என்றுதான் தெரியும். இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். இங்கேதான் பலரும் பார்க்கத் தவறும் ஓர் எண் இருக்கிறது: ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்பது அது. செலஸ்டியன் கிரீன்பேக் 98, அதே நிறுவனத்தின் விண்டேஜ் 30 என்பது 100. 97 உள்ள ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 100 உள்ளதைப் போட்டால், ஆம்பின் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். செலவும் குறைவு.

அதற்கும் மேலே ஒரு விஷயம், மிட். நம் காது 3,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வாக்கில்தான் கூர்மையாகக் கேட்கும். மேடையில் அடிப்பகுதியை பேஸ் கிடாரும் கிக் டிரம்மும் பிடித்துக்கொள்ளும், உச்சியைச் சிம்பல். கீபோர்டு எங்கே பார்த்தாலும் இருக்கும். கிடாருக்கு மிஞ்சுவது நடுப்பகுதி. வீட்டில் தனியாக வாசிக்கும்போது மிட்டைக் குறைத்து பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றினால் கேட்க ஜோராக இருக்கும். அதே செட்டிங்கோடு மேடைக்கு வந்தால் டிரம்ஸ் தொடங்கியதும் கிடார் காணாமல் போகும். வாசிக்கிறவர் வால்யூமை ஏற்றுவார், பாடகர் முகம் சுளிப்பார். மிட்டை ஏற்றினால் போதும், வால்யூம் இருந்த இடத்திலேயே கிடார் எழுந்து நிற்கும்.

ஆம்பை வைக்கும் இடமும் அப்படித்தான். 12 அங்குல ஸ்பீக்கரின் கூர்மையான ஒலி நேர்கோட்டில் போகும். தரையில் வைத்தால் அது நம் முழங்காலுக்குக் கேட்கும், முன்வரிசையில் இருப்பவர் காதைக் குத்தும். மண்டபத்து பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, ஆம்பைப் பின்பக்கம் சாய்த்து வைத்தால் ஒலி நம் முகத்துக்கு வரும். ஒரு சவுண்ட் செக்கில் எங்கள் டிரம்மர் கேட்டார், "அண்ணே, புது ஆம்பா? இன்னைக்குத்தான் நீங்க வாசிக்கிறது எனக்குக் கேக்குது." ஆம்ப் பழையதுதான், நாற்காலி மேல் ஏறியிருந்தது. கூட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டியதை மிக்சருக்கு லைன் கொடுத்துவிட்டால் சவுண்ட்காரர் பார்த்துக்கொள்வார். மேடை ஆம்ப் டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்று நமக்கும் சக கலைஞர்களுக்கும் கேட்டால் போதும்.

போதும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். 85 டெசிபலை எட்டு மணி நேரம் வரை கேட்கலாம் என்பது அமெரிக்காவின் பணியிடச் சுகாதார ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்; 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். மேடையில் 100 சர்வசாதாரணம். அந்த 100 வாட் ஆம்பைக் கேட்டு வாங்கிய டவுன்ஷெண்டே பின்னாளில் காது கேளாமையாலும் காதிரைச்சலாலும் அவதிப்பட்டார்.

இலேசான ஆம்புக்கு ஒரு விலையும் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. பழைய வால்வு ஆம்ப் கெட்டால், வால்வு ரேடியோ பார்த்த அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் மூடியைத் திறந்து, கருகிய ரெசிஸ்டரைக் கண்ணாலேயே கண்டுபிடித்து மாற்றிவிடுவார். சென்னை ரிச்சி தெருவில் பாதிப் பொருள் கிடைக்கும். புது ஆம்பில் கடுகு அளவு பாகங்கள் ஒரே போர்டில் நெருங்கிக் கிடக்கும். கெட்டால் முழு போர்டையே மாற்றச் சொல்வார்கள். அதனால் உள்ளூரில் சர்வீஸ் உள்ள மாடலாகப் பார்த்து வாங்குவது புத்திசாலித்தனம். திறந்தவெளிக் கச்சேரியில் ஜெனரேட்டர் மின்சாரம் ஏறி இறங்கும் என்பதால், எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று பின்பக்கம் எழுதியிருப்பதையும் படித்துவிட வேண்டும்.

பாஸ் கட்டானா 50 என்பது 11.6 கிலோ, டோன் மாஸ்டர் டீலக்ஸ் ரிவெர்ப் பத்தரைக்குள், பேட்டரியிலும் ஓடும் ரோலண்ட் கியூப் ஸ்ட்ரீட் இஎக்ஸ் 7.4. மண்டபத்துக்கும் தேவாலயத்துக்கும் கல்லூரி விழாவுக்கும் 12 கிலோவுக்குள் ஒரு 12 அங்குல ஸ்பீக்கர் இருந்தால் போதும் என்பது என் கருத்து. கடையில் உங்கள் கிடாரையே கொண்டுபோய் வாசியுங்கள். மிட்டை ஏற்றி, சுத்தமான ஒலியில், பத்தடி தள்ளி நின்று கேளுங்கள். பிறகு ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு கடைப் படியில் ஒருமுறை ஏறி இறங்குங்கள்.

எங்கள் வட்டாரத்தில் ஒரு மூத்த கிடார்க் கலைஞர் இருக்கிறார். எங்கள் தலைமுறைக்குக் கார்டு பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர். முதுகுவலி வந்த பிறகு ஆம்ப் தூக்க முடியாமல் கச்சேரிகளைத் தவிர்க்க ஆரம்பித்தார். பையன்களிடம் தூக்கச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. இலேசான ஆம்ப் ஒன்று கைக்கு வந்ததும் மறுபடி வாசிக்க வந்துவிட்டார். விரலில் வித்தை அப்படியே இருந்தது. ஒரு பெட்டியின் கனம் அந்த வித்தையை வீட்டில் உட்கார வைத்திருந்தது.

அதனால் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆம்ப் வாங்கும்போது இன்றைய தோளை வைத்து முடிவெடுக்காதீர்கள். அறுபது வயதிலும் கச்சேரிக்குப் போக ஆசைப்படுவீர்கள். அந்தத் தோளை வைத்து முடிவெடுங்கள்.