எங்கள் வீட்டுக் குத்துச்சண்டை

கொசுவை அடிக்கக்கூட இரண்டு தடவை யோசிக்கிற ஆசாமி நான். அப்படிப்பட்டவன் 2012 ஆகஸ்டு 8-ஆம் தேதி சாயங்காலம் டெலிவிஷனுக்கு முன்னால் முஷ்டியை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்றால் நம்புவீர்களா? அதற்குக் காரணம் மேரி கோம்.

லண்டன் ஒலிம்பிக்ஸ் நடந்துகொண்டிருந்தது. பெண்களுக்கும் குத்துச்சண்டை உண்டு என்று ஒலிம்பிக்ஸ்காரர்களுக்குத் தோன்றியது அந்த வருஷந்தான். மணிப்பூரில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்த மேரி கோம் அதற்குள் ஐந்து தடவை உலகப் பட்டம் வாங்கியாகிவிட்டது. இரட்டைப் பிள்ளைகளுக்குத் தாய் வேறு! 48 கிலோ பிரிவில் பட்டம் வாங்கியவர், ஒலிம்பிக்ஸில் ஆகக் குறைந்த பிரிவே 51 கிலோ என்பதால், தம்மைவிடப் பெரிய பெண்களோடு மோத வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை உங்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அதற்கு ஒரு வாரம் முன்பு, ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த என் பெண் ஒரு காகிதத்தை நீட்டினாள். பள்ளிக்கூடத்தில் குத்துச்சண்டை வகுப்பு ஆரம்பிக்கிறார்களாம். தகப்பனார் கையெழுத்து வேண்டுமாம். "மூக்கு உடைந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டு, காகிதத்தைப் பஞ்சாங்கத்துக்கு அடியில் சொருகிவிட்டேன். அன்று முதல் அவள் என்னோடு பேசவில்லை.

அரை இறுதிப் போட்டி ஆரம்பமாயிற்று. எதிராளி இங்கிலாந்தின் நிக்கோலா ஆடம்ஸ். உயரமும் அதிகம், ஊரும் அவருடையது. இரண்டு இரண்டு நிமிஷமாக நாலு சுற்று. "பெண்கள் அடித்துக்கொள்வதைப் பார்க்க ஒரு கூட்டமா!" என்று அலுத்துக்கொண்டு அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆரம்பம் முதலே ஆடம்ஸின் கை ஓங்கியிருந்தது. மூன்றாவது சுற்றில் 'டமார்' என்று ஒரு சத்தம். திரும்பினால், முறம் தரையில் கிடக்கிறது. அம்மா எழுந்து நிற்கிறாள். "விடாதேடி! கிட்டப் போய்ப் போடு!"

ஆனாலும் 11-6 என்று ஆடம்ஸ் ஜெயித்துவிட்டார். அரை இறுதியில் தோற்றவர்களுக்கு வெண்கலம் உண்டு. "தங்கம் போச்சே! நாட்டுக்கே பெருமையாக இருந்திருக்கும்" என்று நான் தலையில் கையை வைத்துக்கொண்டேன்.

தங்கம் கொண்டுவர முடியாததற்காக மேரி கோம் நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார் என்ற செய்தியும் வந்தது. அதைக் கேட்டதும் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"இவள் எதற்கடா மன்னிப்புக் கேட்கிறாள்? அடி வாங்கினது அவள். உட்கார்ந்த இடத்தில் தங்கம் கேட்டது நீ!"

பிறகு என் பெண்ணை ஒரு தடவை பார்த்தாள். பஞ்சாங்கத்தையும் ஒரு தடவை பார்த்தாள். வேறு எதுவும் சொல்லவில்லை. லண்டனில் விழுந்த குத்துக்களைவிட அந்தப் பார்வை பலமாக விழுந்தது. ஊரார் பெற்ற பெண் ஜெயித்தால் 'நம்ம பெண்' என்று மார் தட்டத் தெரிந்தது எனக்கு. நான் பெற்ற பெண்ணுக்கு ஒரு கையெழுத்துப் போட மனம் வரவில்லை!

அன்று இரவே கையெழுத்துப் போட்டேன். "தாங்க்ஸ் அப்பா" என்றாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

என் பெண் பதக்கம் எதுவும் வாங்கவில்லை, நேயர்களே. முதல் போட்டியிலேயே தோற்று, உதடு வீங்கி வீட்டுக்கு வந்தாள். அம்மா ஒத்தடம் கொடுத்தாள். நான் வாய் திறக்கவில்லை. மறுநாளும் அவள் வகுப்புக்குப் போனாள்.

2018-ஆம் வருஷம் மேரி கோம் டில்லியில் ஆறாவது உலகப் பட்டம் வாங்கினார். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

"அன்றைக்கு நம்மிடம் மன்னிப்புக் கேட்டாளே, அந்தப் பெண்தானே?" என்று கேட்டாள்.

"ஆமாம், அம்மா" என்றேன்.