எந்தச் சித்தா காலேஜ் நல்ல காலேஜ்?

நீட் முடிவு வந்துவிட்டால் எனக்கு இரண்டு மாதம் போன் ஓயாது. ஓய்வு பெற்று வருடங்கள் ஆகியும் பழைய மாணவர்கள் விடுவதில்லை. முன்பு தங்களுக்காகக் கேட்டவர்கள் இப்போது பிள்ளைகளுக்காகக் கேட்கிறார்கள். எம்.பி.பி.எஸ். கிடைத்தவர் யாரும் வாத்தியாரைத் தேடுவதில்லை. மார்க் கொஞ்சம் குறைந்து சித்தா, ஆயுர்வேதம், ஓமியோபதி கலந்தாய்வுக்குப் போகிறவர்கள்தான் கூப்பிடுவார்கள். "சார், எந்தக் காலேஜ் நல்ல காலேஜ்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கெங்குவார்பட்டியில் மாந்தோப்பில் வேலை பார்க்கும் ஒருவரின் மகள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். எட்டவில்லை, சித்தா எட்டியது. (2020-இல் வந்த அந்த ஒதுக்கீடு எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவத்துக்கு மட்டும் என்று இன்னும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஓமியோபதிக்கும் உண்டு. தயவுசெய்து தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள்.) அவள் அப்பா என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார்: "சார், நாட்டு வைத்தியத்துக்கா இம்புட்டுப் பாடுபட்டுப் படிச்சுச்சு? நகைய அடகு வச்சு இன்னொரு வருசம் கோச்சிங் போட்டுப் பாக்கவா?"

அந்த வீட்டில் இருந்த நகை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அதனால் பட்டென்று பதில் சொல்ல மனம் வரவில்லை.

அமெரிக்காவில் இருக்கும் என் மாணவன் ஒருவனும் இதே குழப்பத்தைச் சொல்லியிருக்கிறான், அவன் மகளுக்கு. அங்கே எம்.டி. ஒரு வழி, டி.ஓ. இன்னொரு வழி. டி.ஓ. என்பது ஆஸ்டியோபதி. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர் 1892-இல் மிசௌரி மாநிலத்தில் கிர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் முதல் கல்லூரியைத் தொடங்கினார். அவர் தன்னை எலும்பு கட்டுகிறவர் என்றே விளம்பரம் செய்துகொண்டவர். நம் ஊர் வர்ம ஆசான், எலும்பு முறிவு வைத்தியர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பல காலம் டி.ஓ. என்றால் இரண்டாந்தரம் என்ற பேச்சு. இன்று டி.ஓ. படித்தவர் மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம். 2020 முதல் மேற்பயிற்சிக்கும் இரு சாராருக்கும் ஒரே ஏற்பாடுதான். இருந்தும் அங்கேயும் பெற்றோர் முதலில் கேட்பது எம்.டி.யா டி.ஓ.வா என்பதைத்தான். அந்தக் கல்லூரிக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று கேட்பவர் குறைவாம்.

இதை நூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் பிடித்துவிட்டார். ஆபிரகாம் பிளெக்ஸ்னர். டாக்டர் இல்லை, நம்மைப் போலப் பள்ளிக்கூட வாத்தியார்! (எழுதும்போதே எனக்கு ஒரு பெருமை.) அமெரிக்காவிலும் கனடாவிலும் 155 மருத்துவக் கல்லூரிகளைப் பார்த்து 1910-இல் அறிக்கை கொடுத்தார். எட்டு ஆஸ்டியோபதிக் கல்லூரிகளையும் பார்த்தார், அவற்றை ரொம்பக் கடுமையாகவே எழுதினார். ஆய்வகம் இருக்கிறதா, மாணவன் தொட்டுப் பார்க்க நோயாளி இருக்கிறாரா, இவைதான் அவர் முக்கியமாகத் தேடியவை. பெயர் பெற்ற அலோபதிக் கல்லூரிகள் பலவும் அதில் மாட்டிக்கொண்டன.

இனி நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இரண்டே. பாளையங்கோட்டையில் 1964-இல் தொடங்கியது ஒன்று. சென்னை அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா மருத்துவமனை வளாகத்தில் இருப்பது இன்னொன்று. தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் பட்டமேற்படிப்புக்கானது. பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு அங்கே சேர்க்கை இல்லை, அதையும் சிலர் கேட்டு ஏமாறுகிறார்கள். ஓமியோபதிக்கு அரசுக் கல்லூரி நம் பக்கத்திலேயே திருமங்கலத்தில். மற்றவை தனியார். நாலரை வருடப் படிப்பு, ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன், பட்டம் கொடுப்பது டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். அரசோ தனியாரோ, பரீட்சை ஒன்றுதான், சான்றிதழும் ஒன்றுதான். அதனால் சான்றிதழைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது.

அந்தப் பெண்ணையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு நேரிலேயே போய்ப் பார்த்தேன். முதலில் ஒரு தனியார் கல்லூரி. பெயர் வேண்டாம். கட்டடம் கண்ணாடி மாதிரி. வார்டில் கட்டில்கள் வரிசையாக, விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. காலை பத்தரை மணிக்கு வெளிநோயாளிச் சீட்டு கொடுக்கும் இடத்தில் எங்களைத் தவிர இரண்டு பேர். மூலிகைத் தோட்டத்தில் பெயர்ப்பலகைகள் இருந்தன, பாதிக்குச் செடி இல்லை. அந்தப் பெண் என் காதருகே, "சார், ஆடாதோடைன்னு போட்டிருக்கு, அங்க கோரைதான் நிக்குது" என்றாள். எங்கள் ஊர் வேலியெல்லாம் ஆடாதோடை, அவளை ஏமாற்ற முடியுமா?

அப்புறம் பாளையங்கோட்டை. கட்டடம் பழையது. ஆனால் வரிசையில் ஜனம். மூட்டுவலிக்கு வந்த பாட்டிகள், தோல் நோய்க்காரர்கள், கை கால் விழுந்து தொக்கணத்துக்கு வந்தவர்கள். ஒரு மாணவி ஒரு பெரியவரின் நாடி பார்த்து எழுத, பக்கத்தில் ஆசிரியர் நின்று திருத்துகிறார். நாடியும் வர்மமும் புத்தகத்தில் படித்து வருமா? விரல் பழக வேண்டும், விரல் பழக நோயாளி வேண்டும். குணபாடம் படிக்கிறவன் மருந்து அரைக்கும் இடத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிற்க வேண்டும். மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்பப் படுக்கையும் வெளிநோயாளிகளும் இருக்க வேண்டும் என்று அரசு விதியே இருக்கிறது. ஆய்வுக்கு வரும் நாளில் எல்லா இடத்திலும் கூட்டம் இருக்கும். நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள்.

கேட்கப் போனால் பிரின்சிபாலைக் கேட்காதீர்கள். ஹவுஸ் சர்ஜன் பிள்ளைகளை டீக்கடையில் பிடியுங்கள். "ஒரு நாளைக்கு எத்தனை கேஸ் பாக்குறீங்க தம்பி?" இந்த ஒரு கேள்வி போதும். தயங்கினால் புரிந்துகொள்ளுங்கள்.

வேலை பற்றியும் சொல்லிவிட வேண்டும். அரசு உதவி மருத்துவர் பணியிடங்கள் அவ்வப்போதுதான் வரும், போட்டி கடுமை. பெரும்பாலோர் சொந்தமாக மருத்துவமனை வைத்தே பிழைக்க வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், படிக்கும்போது நோயாளியே பார்க்காதவன் எந்த தைரியத்தில் போர்டு மாட்டுவான்? எம்.பி.பி.எஸ். மட்டுமே வேண்டும் என்று பிள்ளையே உறுதியாக இருந்தால் இன்னொரு வருடம் எழுதட்டும், அதில் தவறில்லை. பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்பதற்காக நகையை அடகு வைக்காதீர்கள்.

அந்தப் பெண் பாளையங்கோட்டையிலேயே சேர்ந்துவிட்டாள். பொங்கலுக்கு வந்தவள் தோட்டத்தில் பாதிச் செடிக்குக் குணபாடப் பெயர் சொன்னாள். அப்பாவுக்கு மட்டும் இன்னும் மனம் முழுசாக ஆறவில்லை. காட்ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது யாராவது விசாரித்தால், "டாக்டருக்குப் படிக்குது" என்கிறார். என்ன டாக்டர் என்று கேட்பதற்குள் பஸ் வந்துவிடுகிறது.