இடைகழி காட்டும் ஒற்றுமை

கல்வராயன் மலையிலிருந்து கோமுகியும் மணிமுக்தாவும் இறங்கி வருகின்றன. பிறந்த மலை ஒன்று. சமவெளியில் வழிகள் வேறு. முடிவில் இரண்டின் நீரும் வெள்ளாற்றையே சேர்கிறது. அந்த மலையை மேற்கே விட்டுக் கள்ளக்குறிச்சியிலிருந்து தியாகதுருகம் வழியே திருக்கோவலூர் சென்ற நாளில், அடியேன் மனத்தில் இதே நினைவுதான் ஓடிக்கொண்டிருந்தது.

2019-இல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குத் தென்பெண்ணைக் கரையிலுள்ள இத்திவ்யதேசம் ஒரு மணிமகுடம். கருவறையில் உலகளந்த பெருமாள் நெடிதுயர்ந்து நிற்கிறார். ஒரு திருவடி விண்ணை அளக்கிறது. வலக்கரத்தில் சங்கு, இடக்கரத்தில் சக்கரம். தாயார் பூங்கோவல் நாச்சியார்.

முதலாழ்வார்கள் மூவரும் சந்தித்த தலம் இதுவே. மழை கொட்டிய இரவில் பொய்கையாழ்வார் மிருகண்டு முனிவரின் ஆசிரமத்து இடைகழியில், நம் வழக்கில் சொன்னால் ரேழியில், ஒதுங்கினார். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவே இடம். பூதத்தாழ்வாரும் பேயாழ்வாரும் வந்து சேர, மூவரும் நின்றனர். நாலாமவராக ஒருவர் வந்து நெருக்குவதை உணர்ந்தனர். வந்தவர் யாரென்று காணப் பொய்கையார் உலகையே அகலாக்கிப் புறவிளக்கு ஏற்றினார், பூதத்தார் அன்பையே அகலாக்கி அகவிளக்கு ஏற்றினார், பேயார் கண்டார். ஏற்றிய விளக்குகள் வேறு. கண்ட பெருமாள் ஒருவரே.

இங்கே நின்றபோது சிறுவயதுக் காட்சி ஒன்று நெஞ்சை உறுத்தியது. ஒரு கோயிலில் எந்தத் தனியனை முதலில் சேவிப்பது என்று இரு கலையாரும் வாதாடியதில், தீர்த்தத்துக்குக் காத்திருந்த என் பாட்டி பசியோடு வீடு திரும்பினாள்.

இருவரும் பிடித்திருப்பது ஒரே இரகசியங்களைத்தான்: திருமந்திரம், துவயம், சரமசுலோகம். திருக்கோட்டியூரில் ஆசைப்பட்டவர்க்கெல்லாம் இரகசியத்தைத் திறந்துவிட்ட இராமாநுசரே இருவருக்கும் ஆசாரியர். அவர் உபதேசத்தின் உட்பொருள் எது என்பதில்தான் வழி பிரிந்தது. தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி போல் சீவனும் முயலவேண்டும் என்பது வடகலை. தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டி போல் அவனிடம் விட்டுவிட வேண்டும் என்பது தென்கலை. பிராட்டியும் பெருமாளோடு உபாயமாகிறாள் என்பர் முன்னவர். சேர்த்துவைக்கும் புருஷகாரமே அவள் என்பர் பின்னவர். இவை ஆழ்ந்த சிந்தனைகள். நீதிமன்றப் படியேறிய சண்டைகளோ பிற்காலத்தவை.

1323-இல் திருவரங்கம் தாக்கப்பட்டபோது நடந்ததைக் குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன. பிள்ளை லோகாசாரியர் முதிர்ந்த வயதில் நம்பெருமாளை எழுந்தருளச் செய்துகொண்டு வெளியேறி, வழியிலேயே பரமபதம் அடைந்தார். வேதாந்த தேசிகர் ஸ்ரீபாஷ்யத்தின் விளக்கமான சுருதப்பிரகாசிகைச் சுவடியைக் காத்தார். ஒருவர் பெருமாளைக் காத்தார். மற்றவர் நூலைக் காத்தார். இருவரில் ஒருவர் இல்லாதிருந்தாலும் நமக்கு எவ்வளவு இழப்பு!

இந்த இடைகழி நாயகனைத் தேகளீச ஸ்துதியால் போற்றியவர் தேசிகர். இங்கே கூடிய முதலாழ்வார்களை உபதேசரத்தின மாலையில் கொண்டாடியவர் மணவாள மாமுனிகள். இன்னொன்றும் உண்டு. தேசிகரின் திருக்குமாரரிடம் பயின்று, பின்னர் மாமுனிகளின் திருவடி பணிந்தவர் பிரதிவாதி பயங்கரம் அண்ணன். நம் இல்லங்களில் விடியலில் ஒலிக்கும் வேங்கடேச சுப்ரபாதம் அவர் அருளியது. அதைக் கேட்டுக் கண்விழிக்கும் எந்தக் கலையாரும் இருவர் அருளையும் ஒருசேரப் பெறுகிறோம்.

திருக்கோவலூர் செல்லும் அன்பர்கள் சேவித்தபின் சற்று நேரம் அந்த இடைகழியை நினைத்து நில்லுங்கள். அது குறுகிய இடந்தான். ஆயினும் மூவரும் ஒருவரையொருவர் வெளியே தள்ளவில்லை, நெருங்கி நின்றார்கள். அந்த நெருக்கத்தில்தான் பெருமாள் வந்தார்.