அம்மாவின் சுங்குடி, ஜன்னலில்!

வீட்டுக்குப் புதுக் களை வேண்டுமா? பர்ஸைத் திறக்கும் முன் பீரோவைத் திறந்து பாருங்கள். அம்மா உடுத்தி உடுத்தி மெத்தென்று ஆன மதுரைச் சுங்குடி ஒன்று கிடைக்கலாம். 5.5 மீட்டர் சேலையில் ஜன்னலுக்கு இரண்டு திரைகள் தைத்தது போக, முந்தானைப் பக்கம் மிஞ்சும் 2 மீட்டர், மகளின் வெள்ளைக் குர்தாவுக்குத் துப்பட்டா. தையல் கூலி மட்டுமே செலவு.

புதிதாக வாங்குவதென்றால் புள்ளிகளைக் கவனியுங்கள். இன்று கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை அச்சடித்தவையே. கையால் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்ததில் எல்லாப் புள்ளியும் ஒன்றுபோல் இருக்காது. துணியில் சின்னச் சுருக்கம் தெரியும். முதல் அலசலில் கல்லுப்பு போட்டு, நிழலில் காயவைத்தால் போதும். விலை சற்றுக் கூடுதல்தான். ஆனால், மதுரை சௌராஷ்டிரப் பெண்கள் ஒவ்வொரு புள்ளியாகக் கட்டிய முடிச்சு அது. வாங்க ஆளில்லை என்றால், கட்டவும் ஆளிருக்காது.